பாடகனைக் காணாத வரலாறு: கோல்ட்மனின் லெனன் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

1

வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகை நம்மிடையே போதிய அளவு ஆராயப்படாத ஒன்றாகும். கவிதை, நாவல், சிறுகதை ஆகியவை பற்றி எழுந்துள்ள ஆய்வுகளோடு ஒப்பிடுமிடத்து, ஒரு மனிதனின் வாழ்வை எழுத்தில் வடிப்பதற்குரிய நெறிகள் எவை, அவை மீறப்படும்போது நேரும் இழப்பு யாது என்பன பற்றி நாம் எழுதியவை சொற்பமே. அவற்றுள்ளும் மறைந்த இசைக்கலைஞரின் வாழ்வை எழுதுதல் தனிச் சிக்கல்களை உடையது. புலவனின் ஆக்கம் ஏட்டில் நிற்கின்றது. வரலாற்றாசிரியன் தவறினாலும் வாசகன் ஏட்டுக்குத் திரும்பலாம். பாடகனின் ஆக்கமோ குரலிலும் மூச்சிலும் மேடையிலும் பிறந்து மறைவது. ஒலிப்பதிவு அதில் ஒரு பகுதியையே காப்பாற்றுகின்றது. எஞ்சியது கேட்டவர்களின் நினைவிலேயே வாழ்கின்றது. ஆகவே, அந்த நினைவுகளைத் திரட்டுபவன் எத்தகையவன் என்பது பெரிதும் முக்கியமாகின்றது.

இச்சிக்கலைத் தோல்வியுற்ற ஒரு நூலின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்கரான அல்பேர்ட் கோல்ட்மன் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜோன் லெனனின் வாழ்வுகள்' என்பதே அந்நூல். கல்முனைக் கரையில் இருந்துகொண்டு லிவர்பூல் நகரத்து றொக் இசைப் பாடகர் பற்றிய நூலொன்றை ஆராய்வதன் தேவை யாதெனச் சிலர் வினவலாம். நமது கரையின் பாடகர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்களது வரலாற்றை எழுத வேண்டிய பொறுப்பு நம் தலைமுறையினது. எழுதப் புகுமுன், பெரும் பொருளும் நீண்ட உழைப்பும் செலவிடப்பட்ட ஒரு நூல் எவ்வாறு பிழைத்தது என அறிந்துகொள்வது நமக்குப் பயன்படும்.

2

ஜோன் லெனன் 1940ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி, இங்கிலாந்தின் துறைமுக நகரான லிவர்பூலிற் பிறந்தவர். தந்தை கப்பற் பணியாளர். பெற்றோர் பிரிந்தமையால், ஐந்து வயதளவிலிருந்து தாயின் தமக்கையான மிமியின் வீட்டில் வளர்ந்தார். அண்மையிலேயே வாழ்ந்த தாய் ஜூலியாவே மகனுக்கு முதன்முதல் நரம்பிசைக் கருவியை மீட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் 1958ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மோட்டார் வாகனம் மோதி இறந்தபோது லெனனுக்கு வயது 17. பின்னர் போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்ரார் ஆகியோருடன் சேர்ந்து அவர் இயங்கிய 'பீற்றில்ஸ்' குழு, 1962 தொடக்கம் 1970 வரை வெளியிட்ட இசைத்தட்டுகளால் உலகெங்கும் அறியப்பட்டது. இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பின் வழியாக அப்பாடல்கள் நம் நாட்டவர் செவிகளையும் எட்டின. 1980ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆந் திகதி, நியூயோர்க்கில் தாம் வசித்த மாடிக் கட்டிடத்தின் வாயிலில் லெனன் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40.

அவரது வரலாற்றை எழுத முன்வந்த கோல்ட்மன் கல்வி குறைந்தவர் அல்லர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 'லைஃப்' சஞ்சிகையில் இசை விமரிசனம் எழுதியவர். டி குவின்சி என்னும் ஆங்கில உரைநடையாளர் பிறரது எழுத்துகளை எவ்வாறு தமதாக்கிக் கொண்டார் என்பதை நுணுகி ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டவர். நகைச்சுவைக் கலைஞரான லெனி புரூஸ் பற்றி 1974இல் அவர் எழுதிய வரலாறு பாராட்டுப் பெற்றது. இசையறிவும் மூலங்களை ஆராயும் பயிற்சியும் எழுத்தாற்றலும் ஒருங்கே பெற்றிருந்த இவரிடமிருந்து வாசகன் எதிர்பார்த்தது பெரிது. ஏமாற்றத்தின் அளவும் அதனாலேயே பெரிதாயிற்று.

1977இல் மறைந்த எல்விஸ் பிறெஸ்லி பற்றி 1981இல் அவர் வெளியிட்ட நூல் முதலாவது சர்ச்சையைக் கிளப்பியது. லெனன் பற்றிய நூல் இரண்டாவது. ஏறத்தாழ 700 பக்கங்களைக் கொண்ட இந்நூலுக்காக ஆறாண்டு உழைத்ததாகவும் 1,200 பேட்டிகளைப் பெற்றதாகவும் கூறப்பட்டது. போதைப் பொருளுக்கு அடிமையானவர், வன்முறையாளர், தம்மைத் தாமே வெறுத்தவர், இறுதி ஐந்தாண்டுகளை அறைக்குள் வீணே கழித்தவர் என ஒரு லெனன் இந்நூலிலே காட்சி தருகின்றார். மக்கார்ட்னி நூலைக் கடுமையாக நிராகரித்தார். லெனனின் மனைவி யோகோ ஓனோ அதன் கூற்றுகளை மறுத்தார். 'ரோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியிட்ட நீண்ட புலனாய்வுக் கட்டுரையில், பேட்டியளித்தோரிற் சிலர் தமது சொற்கள் திரிக்கப்பட்டுள்ளன என முறையிட்டிருந்தனர். ஜிம் மொறிசன் என்னும் வேறொரு மறைந்த றொக் பாடகரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த நிலையில் கோல்ட்மன் 1994ஆம் ஆண்டில் இறந்தார்.

இங்கு ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நூலைக் கண்டித்தவர்களிற் பலர் அன்பர்கள். தாம் வழிபட்ட உருவம் சிதைக்கப்பட்டதென்ற சினமே அவர்களிடம் மிகுந்திருந்தது. 1980க்குப் பின் லெனனைச் சமாதானத் தூதராகவும் ஏறத்தாழ ஒரு மகானாகவும் சித்திரிக்கும் போக்கு வளர்ந்தது. அச்சித்திரத்தை ஐயுறுவது வரலாற்றாசிரியனின் கடமை. கோல்ட்மன் எழுப்பிய வினா தவறானதன்று. விடை கண்ட முறையே தவறானது. அம்முறையின் குறைகளைச் சாட்சியம், நோக்கம், பொருள் என்னும் மூன்று நிலைகளில் வைத்து நோக்கலாம்.

3

சாட்சியங்களை எவ்வாறு எடைபோடுவது? இவ்வினாவுக்கு விடை தேட நாம் மேனாட்டு ஆய்வு முறைகளையே நாட வேண்டியதில்லை. நபிமொழிகளைத் திரட்டிய அறிஞர்கள் இதற்கென்றே ஒரு தனிக்கலையை வளர்த்தனர். ஒவ்வொரு செய்தியோடும் அதனை யார் யாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் வரிசை இணைக்கப்பட்டது. அவ்வரிசையிலுள்ள ஒவ்வொருவரது நேர்மையும் நினைவாற்றலும் சார்பும் ஆராயப்பட்டன. இருவர் தம்முட் சந்தித்தமைக்குச் சான்று வேண்டுமென்பது இமாம் புகாரியின் நிலைப்பாடு. சமகாலத்தவராய், சந்திக்கக் கூடியவராய் இருந்தாற் போதுமென்பது இமாம் முஸ்லிமின் நிலைப்பாடு. இத்துணை நுட்பமான விவாதம் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே நிகழ்ந்தது. இமாம் புகாரி ஆறு இலட்சம் அறிவிப்புகளை ஆராய்ந்து, மீள வருவனவற்றையும் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் அறிவிப்புகளையே தமது தொகுப்பில் ஏற்றுக்கொண்டார் என்பது மரபுவழிச் செய்தி. திரட்டியதன் பெருமையைவிடத் தள்ளியதன் பெருமையே அவரை உயர்த்திற்று.

இவ்வளவுகோலால் நோக்கும்போது 1,200 பேட்டிகள் என்னும் எண்ணிக்கை தன்னளவில் எதனையும் நிறுவுவதில்லை. எவை தள்ளப்பட்டன, ஏன் தள்ளப்பட்டன என்பதே கேள்வி. லெனனின் இறுதியாண்டுகள் பற்றிய செய்திகளைத் தந்தவர்களுள், அவரது நாட்குறிப்புகளைக் களவாடியதாக 1983ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட முன்னாள் உதவியாளர் ஒருவரும் அடங்குவார். அத்தகையவரது கூற்றுகள் யாவும் பொய்யென்று நாம் முடிவு கட்ட வேண்டியதில்லை. அருகிலிருந்தவர் அறிந்தது பலவாக இருக்கலாம். ஆனால் சொல்பவரின் நிலையை வாசகன் அறிய வேண்டும். வேறொருவர் அதனை உறுதிப்படுத்துகின்றாரா என ஆசிரியர் தேட வேண்டும். மனத்தாங்கலுடன் பிரிந்தவர், ஊதியம் இழந்தவர், ஒருமுறை மட்டும் கண்டவர், பல்லாண்டு உடனிருந்தவர் ஆகிய அனைவரது குரல்களும் கோல்ட்மனின் உரைநடையில் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. எவர் கண்டார், எவர் கேட்டார், எது ஆசிரியரின் ஊகம் என்று பிரித்தறிய இயலாதவாறு, எல்லாம் ஆசிரியர் நேரிற் கண்டது போன்ற ஒரே உறுதியுடன் கூறப்படுகின்றன.

சொல்லொன்று பிழைத்தால் நேர்வது என்ன என்பதற்கு எல்விஸ் பற்றிய அவரது முன்னைய நூல் தெளிவான உதாரணம் ஆகும். மெம்பிஸ் நகரில் 1950ஆம் ஆண்டு ஒலிப்பதிவுக் கூடமொன்றை நிறுவிய சாம் பிலிப்ஸ், பி. பி. கிங், ஹவ்லின் வூல்ஃப் முதலிய கறுப்பினக் கலைஞர்களை ஆரம்ப காலத்திலேயே பதிவு செய்தவர். கறுப்பின மக்களின் இசையுணர்வோடு பாடவல்ல வெள்ளையர் ஒருவர் கிடைத்தாற் பெரும்பொருள் ஈட்டலாம் எனும் பொருளில் அவர் கூறியதாக, அவருடன் பணியாற்றிய மரியன் கெய்ஸ்கர் நினைவுகூர்ந்துள்ளார். கோல்ட்மனின் நூலில் அக்கூற்று, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லொன்றுடன் அச்சேறியது. விமரிசகர் கிறெய்ல் மார்க்கஸ் 'வில்லேஜ் வொய்ஸ்' இதழில் எழுதிய மதிப்புரையில் இதனை எடுத்துக்காட்டி, கெய்ஸ்கர் தந்த வடிவில் அச்சொல் இல்லை எனச் சுட்டினார்.

இது அச்சுப்பிழை போன்ற சிறு விடயமன்று. 1954ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த எல்விஸின் முதலாவது இசைத்தட்டின் ஒருபுறம் கறுப்பினப் பாடகர் ஆர்தர் குருடப்பின் பாடலும், மறுபுறம் வெள்ளையரின் நாட்டுப்புற இசை மரபைச் சேர்ந்த பாடலும் இடம்பெற்றன. றொக் இசையின் தோற்றமே இவ்விரு மரபுகளின் சந்திப்பில் நிகழ்ந்தது. அச்சந்திப்பு மதிப்பினால் நிகழ்ந்ததா, இகழ்ச்சியோடு கூடிய வணிகத்தால் நிகழ்ந்ததா என்பது அவ்விசை வரலாற்றின் மையமான வினா. ஒரு சொல்லை மாற்றியதன் வாயிலாக அவ்வினாவுக்கான விடையையே ஆசிரியர் மாற்றிவிட்டார். டி குவின்சியின் மூலங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற ஒருவர் தமது மூலத்தை இவ்வாறு கையாண்டமை வருந்தத்தக்கது.

4

அடுத்தது நோக்கம் பற்றியது. இறந்தவரின் குறையைச் சொல்லலாமா? இவ்வினா நமது சமூகத்தில் அடிக்கடி எழுவது. புறம்பேசுதலை இறந்த சகோதரனின் ஊனை உண்பதற்கு ஒப்பிட்டுக் கண்டிக்கும் மறைவாக்கை நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்துள்ளோம். எனினும் நபிமொழி அறிஞர்கள் அறிவிப்பாளர்களின் குறைகளை எழுதாமல் விடவில்லை. இன்னார் பொய்யர், இன்னார் மறதியுடையவர், இன்னார் முதுமையில் தடுமாறினார் என அவர்கள் பெயர் குறித்து எழுதினர். இது புறம் ஆகாதா என்னும் வினா அவர்களிடையேயும் எழுந்தது. அறிவைக் காப்பதற்குத் தேவையான அளவுக்கு அது அனுமதிக்கப்பட்டது என்பதும், அத்தேவைக்கு அப்பாற் செல்லுதல் தவறு என்பதும் அவர்கள் கண்ட முடிவு. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் தஹபி இத்துறையில் எழுதிய பெருநூலுக்கு இட்ட பெயரிலேயே நடுநிலையும் தராசும் இடம்பெற்றுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

இம்முடிவை வாழ்க்கை வரலாற்றிலக்கியத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். பாடகனின் குறை, அவனது பாடலை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யுமாயின் அது கூறப்பட வேண்டும். அதற்கு உதவாது, கேட்பவனின் சுவைக்காகவே கூறப்படுமாயின் அது புறமே.

லெனனின் வாழ்விலிருந்தே ஓர் உதாரணம் தரலாம். பெண்கள்மீது தாம் கைநீட்டியதுண்டு என அவரே 1980ஆம் ஆண்டு, இறப்பதற்குச் சில மாதங்களின் முன் அளித்த நேர்காணலில் ஒப்புக்கொண்டார். முதல் மனைவி சிந்தியா 2005இல் எழுதிய நூலிலும், மூத்த மகன் ஜூலியன் புறக்கணிக்கப்பட்டமை வேதனையுடன் கூறப்படுகின்றது. இவை மறைக்கப்பட வேண்டியவை அல்ல. 1968ஆம் ஆண்டு இமயமலை அடிவாரத்து ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியிடம் பீற்றில்ஸ் குழுவினர் தங்கியிருந்த காலத்தில், இயற்கையின் குழந்தையாகத் தம்மைக் கண்டு லெனன் ஒரு பாடலை அமைத்தார். அது அப்போது இசைத்தட்டாகவில்லை. மூன்றாண்டுகள் கழிந்து, 1971இல் அதே மெட்டுக்கு வேறு சொற்களை எழுதினார். இம்முறை பாடலின் பொருள் பொறாமை. தன் பொறாமையால் அன்புக்குரியவளை வருத்திய ஆணொருவனின் மன்னிப்புக் கோரல். 'ஜெலஸ் கை' என்னும் அப்பாடலின் மெட்டிலுள்ள அமைதி மலையடிவாரத்திற் பிறந்தது. சொற்களோ இல்லத்திலே நேர்ந்த குற்றத்திலிருந்து பிறந்தவை. பாடியவரின் குற்றத்தை அறியாதவருக்கு இது இனியதொரு காதற்பாடல். அறிந்தவருக்கோ அவ்வினிமையே உறுத்துகின்றது. இவ்விடத்தில் குறையைச் சொல்லுதல் வரலாற்றாசிரியனின் கடமையாகின்றது.

கோல்ட்மன் குறைகளைச் சொன்னதை நாம் குற்றமாகக் கொள்ளவில்லை. அக்குறைகள் எங்கும் இட்டுச்செல்லவில்லை என்பதே நமது குறை. ஒரு குற்றம் மற்றொரு குற்றத்துக்கும், ஒரு நோய் வேறொரு நோய்க்கும் இட்டுச்செல்கின்றது. நூலை முடிக்கும் வாசகனிடம், இவ்வாறு சீரழிந்த ஒருவரால் இப்பாடல்களை எவ்வாறு இயற்ற முடிந்தது என்னும் எளிய வினாவே எஞ்சுகின்றது. அவ்வினாவுக்கு விடை கூறவே வரலாறு எழுதப்படுகின்றது. அதை எழுப்பியதாகவே கோல்ட்மன் காட்டிக்கொள்ளவில்லை.

இதற்கு மாறாக, பீற்றர் குரால்னிக் என்னும் அமெரிக்கர் எல்விஸின் வாழ்வை 1994, 1999 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக எழுதினார். மருந்துகளுக்கு அடிமையாகி எல்விஸ் அழிந்த கதையை இரண்டாம் பாகம் மறைக்கவில்லை. ஆயினும் பின்னால் நிகழப்போவதை அறிந்தவரின் ஏளனத்தோடு முன்னைய நிகழ்ச்சிகளை அவர் நோக்குவதில்லை. 1954ஆம் ஆண்டின் இளைஞன் 1977ஆம் ஆண்டின் முடிவை அறியாதவனாகவே அவரது பக்கங்களில் நடமாடுகின்றான். ஆகவே அழிவு நிகழும்போது வாசகன் துயருறுகின்றான். கூறப்படும் உண்மைகள் பெரும்பாலும் ஒன்றேயாயினும், இரு நூல்களும் வாசகனிடம் விட்டுச்செல்லும் மனிதர் வேறு வேறானவர்.

5

மூன்றாவது குறை பொருள் பற்றியது. பாடகனின் வாழ்வுக்கு நடுவிலே பாடல் இருக்க வேண்டும். கோல்ட்மனின் நூலில் பாடல்கள் இடம்பெறாமல் இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் நோயறிவதற்குரிய அறிகுறிகளாகவே எடுத்தாளப்படுகின்றன. அவை எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதில் ஆசிரியருக்குள்ள அக்கறை குறைவு.

'ஸ்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபோர் எவர்' என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். 1966ஆம் ஆண்டின் பிற்பகுதியில், திரைப்படமொன்றில் நடிப்பதற்காக ஸ்பெயின் சென்றிருந்த லெனன் அங்கே இதனை எழுதத் தொடங்கினார். ஸ்ரோபெரி ஃபீல்ட் என்பது, லிவர்பூலில் மிமியின் வீட்டுக்கு அருகிலே இரட்சணிய சேனையினர் நடத்திய சிறுவர் இல்லத்தின் பெயர். பெற்றோரைப் பிரிந்து பெரியம்மாவிடம் வளர்ந்த சிறுவன், பெற்றோரற்ற சிறுவர்களின் இல்லத்து வளவிலே விளையாடித் திரிந்தான். அவ்விடமே இருபதாண்டுகளின் பின் பாடலாயிற்று. ஒலிப்பதிவின்போது அப்பாடல் இரு வேறு வடிவங்களில் அமைந்தது. ஒன்று மென்மையானது, விளம்பமானது. மற்றையது ஊதுகருவிகளும் செலோ நரம்பிசையும் சேர்ந்து விரைவாகச் செல்வது. சுருதியும் வேகமும் வேறுபட்ட அவ்விரண்டையும், ஒன்றன் தொடக்கமும் மற்றையதன் முடிவுமாக இணைத்துத் தருமாறு லெனன் கேட்டார். தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் ஒன்றின் வேகத்தைக் கூட்டியும் மற்றையதைக் குறைத்தும் அவற்றைப் பொருத்தினர். பாடல் தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகின்றது. அதன்பின் குரலும் சற்றே கனத்து, கனவில் ஒலிப்பது போலாகின்றது. இரு இல்லங்களுக்கிடையே வளர்ந்தவரின் நினைவு, இரு பதிவுகளை ஒட்டிய ஒரு பாடலாக நிலைத்துவிட்டது. இதனைத் தற்செயல் என்பாரும் உளர். ஆயினும் அந்த ஒரு நிமிடத்தைக் கூர்ந்து கேட்பவன், பல நூறு பக்கங்களில் அறிய முடியாத ஒன்றை அறிகின்றான்.

பாடலை நடுவே வைத்துப் பாடகரின் வாழ்வைக் கூறும் முறை நமக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டிலே அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானி அரபு மொழியில் இயற்றிய 'கிதாபுல் அகானி' அதற்குப் பேருதாரணம். கலீபா ஹாறூன் அல் றஷீதுக்காகத் தெரிவு செய்யப்பட்ட நூறு பாடல்களை அடிப்படையாகக் கொண்டு தொடங்கும் அப்பெருந்தொகுப்பு, பாடலைத் தந்து, அது எத்தாளத்தில் எம்முறையிற் பாடப்பட்டதெனக் குறித்து, பின்னர் அதனை இயற்றிய கவிஞர், இசையமைத்த பாடகர் ஆகியோரின் வாழ்வைக் கூறுகின்றது. செய்திகள் அறிவிப்பாளர் பெயர்களுடன் வருகின்றன. முரண்பட்ட செய்திகள் அருகருகே வைக்கப்படுகின்றன. பாடகர்களின் பலவீனங்கள் மறைக்கப்படுவதில்லை. அபுல் ஃபரஜின் செய்திகள் எல்லாம் நம்பத்தக்கவையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அவரது அமைப்பு முறை சிறந்தது. வாழ்வு அங்கே பாடலிலிருந்து கிளைக்கின்றது.

தமிழிலும் உ. வே. சாமிநாதையர் 1936ஆம் ஆண்டளவில் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவர் வாழ்வையும் எழுதினார். கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர் சாமிநாதையரின் தந்தையார். பாரதியாரிடம் சாமிநாதையரே சிறிது காலம் பயின்றவர். ஆகவே செய்திகளின் வழி தெளிவாகத் தெரிகின்றது. இன்ன பதம் இன்ன சந்தர்ப்பத்தில் இன்னார் முன்னிலையிற் பிறந்தது என அவர் கூறிச்செல்லும்போது வாழ்வும் பாடலும் பிரிவதில்லை. பாரதியாரின் நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் தர, அதன் இலக்கண வழுக்களைக் கருதி மீனாட்சிசுந்தரம் பிள்ளை நெடுங்காலம் தயங்கினார். பின்னர் ஆசிரியர் பாடக் கேட்டு மனமுருகி இசைந்தார். தம் ஆசிரியராகிய பிள்ளையின் தயக்கத்தையும் பாரதியாரின் வழுவையும் சாமிநாதையர் மறைக்கவில்லை. இரண்டையும் சொன்னதனாலேயே அக்குரலின் ஆற்றல் நமக்குப் புலனாகின்றது. ஏட்டில் வழுவாகத் தெரிந்தது செவியில் வழுவாகவில்லை என்னும் பேருண்மை அச்சிறு நிகழ்ச்சியிற் பொதிந்துள்ளது.

6

இனி நம் கரைக்கு வருவோம். கோல்ட்மனின் குறை இகழ்ச்சி. நமது குறை புகழ்ச்சி. மறைந்த கலைஞர்களைப் பற்றி நம்மவர் வெளியிடும் நினைவு மலர்களைப் புரட்டினால் பிறந்த ஊர், வகித்த பதவிகள், பெற்ற பட்டங்கள், போர்த்தப்பட்ட பொன்னாடைகள் ஆகியன வரிசையாக வரும். குரல் தேனென்றும் வெண்கலமென்றும் கூறப்படும். எந்தப் பாடலை எங்கே முதலிற் பாடினார், யார் இயற்றினார், மெட்டு எங்கிருந்து வந்தது, முதுமையில் குரல் எவ்வாறு மாறியது என்பன பற்றி ஒரு வரியும் இராது. இகழ்பவருக்கும் புகழ்பவருக்கும் இடையே பெரும் வேறுபாடு இருப்பதாகத் தோன்றினும், இருவரும் பாடலைக் கேளாதவர்கள் என்னும் வகையில் ஒன்றுபடுகின்றனர்.

நாகூர் இ. எம். ஹனிபாவை எண்ணிப் பார்க்கலாம். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அவரது குரல், பெருநாட் காலத்திலும் கலியாண வீடுகளிலும் ஒலிபெருக்கி வழியாக இக்கரையெங்கும் தலைமுறைகளாக ஒலித்து வந்துள்ளது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் நாயகத்தின் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் கொடியேற்றம், நாகூருக்கும் நமக்கும் உள்ள பழைய உறவின் அடையாளம். அவ்வுறவின் இசை வடிவமாக ஹனிபாவைக் கருதலாம். அவர் சமயப் பாடகர் மட்டுமல்லர். தமிழகத்தின் திராவிட இயக்க மேடைகளிலும் பல்லாண்டு பாடியவர். சமயம் சார்ந்த நினைவுரைகளில் ஒரு பாதியும், கட்சி சார்ந்த நினைவுரைகளில் மறு பாதியும் மங்கிவிடுகின்றன. இரு மேடைகளிலும் ஒலித்தது ஒரே குரலே. அரசியற் கூட்டத்தின் பெருந்திரளை எட்டுவதற்குப் பழகிய குரல், இறைவனை இறைஞ்சும் பாடலில் எவ்வாறு அடங்கி நின்றது என்னும் வினாவே அவரது வரலாற்றுக்கு நடுநாயகமாக அமையத்தக்கது. 1970களில் இலங்கைத் தமிழ்ப் பொப் இசையை மேடையேற்றிப் புகழ்பெற்று, 2018இல் சென்னையிற் காலமான ஏ. ஈ. மனோகரன் போன்றோருக்கும் இத்தகைய வினாக்கள் உரியன.

புகழ் பெற்றோருக்காவது ஒலிப்பதிவுகள் உள்ளன. அவை தானும் இல்லாத நம்மூர்ப் பாடகர்களின் நிலை இரங்கத்தக்கது. பொல்லடிக் குழுவை நடத்திப் பாடிய அண்ணாவியார்கள், றபான் கொட்டி ஊரூராகப் பாடித் திரிந்த பக்கீர் பாவாக்கள், வயல் வெளியிலும் வள்ளத்திலும் கவி பாடியோர், தாலாட்டுப் பாடிய தாய்மார் ஆகியோரை நினைத்துப் பார்க்க வேண்டும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் முதலானோர் நாட்டார் பாடல்களைத் தொகுத்துக் காப்பாற்றியுள்ளனர். அப்பணி போற்றத்தக்கது. ஆனால் பாடல்கள் கிடைத்த அளவுக்குப் பாடியவர்களின் வாழ்வு கிடைக்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பெருகி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. அவ்வீடுகளோடு கையெழுத்துக் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் நிழற்படங்களும் போயின. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு ஒன்றே. அதுவும் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

இன்னுமொரு தடையும் உண்டு. இசைக்கருவிகளின் அனுமதி பற்றி மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேறுபாட்டால், தந்தை பாடகர் என்பதைச் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் இன்று உளர். அத்தயக்கத்தை ஏளனம் செய்வதும் தவறு. அதற்கு அஞ்சி வரலாற்றை விடுவதும் தவறு. பாடியவரின் உள்ளத்திலேயே அத்தயக்கம் இருந்திருக்கக்கூடும். பாடலை விட்டவர் ஏன் விட்டார், விடாதவர் தம்முள் எவ்வாறு சமாதானம் கண்டார் என்பதும் வரலாற்றின் பகுதியே. இங்கேதான் முன்னர் கூறிய தராசு நமக்கு வேண்டியதாகின்றது.

ஒலுவிலிற் பயிலும் நம் மாணவர்களும் இக்கரையின் ஆசிரியர்களும் இப்பணியை ஏற்கலாம். முதியவர் ஒருவரிடம் செல்வோர், அவர் பாடியதை முதலிற் கேட்டுப் பதிவு செய்யட்டும்; வாழ்வைப் பற்றிப் பிறகு வினவட்டும். சொன்னவர் யார், அவர் நேரிற் கண்டாரா அல்லது கேட்டறிந்தாரா என்பதை ஒவ்வொரு செய்தியின் அருகிலும் குறிக்கட்டும். முரண்பட்ட செய்திகள் இரண்டு கிடைத்தால் இரண்டையும் எழுதட்டும். குறையொன்றை எழுத நேர்ந்தால், அது எந்தப் பாடலை விளக்குகின்றது என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். விடை கிடைத்தால் அதனை எழுதலாம், கிடைக்காவிடில் விட்டுவிடலாம்.

ஆறாண்டும் பெரும் பொருளும் செலவிட்ட கோல்ட்மன் இவ்வளவையும் செய்திருக்க இயலும். அவர் செய்யாது விட்டபோதிலும் லெனனின் ஒலிப்பதிவுகள் உள்ளன; உலகம் அவற்றைக் கேட்டுத் தன் தீர்ப்பைத் தானே எழுதிக்கொள்கின்றது. நமது அண்ணாவியாருக்கும் பாவாவுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அவர்களைப் பற்றி நாம் எழுதுவது பிழையாகுமாயின், அதைத் திருத்த அவர்களது குரல் எங்கும் இராது.